வாழ்நாள் பட லிஸ்ற் போடுறது எப்பிடி? ஒரு கொப்பியும் பேனையும் காணும்

உனக்குப் பிடிச்ச பத்துப் படம் சொல்லு எண்டு ஆரும் கேட்டா நாங்கள் என்ன செய்யிறம், உடன போனை எடுத்துத் தேடுறம், வாறது ஊருலகத்தின்ர லிஸ்ற், அதில பாதிப் படம் பாத்ததே இல்லை, பாத்ததிலயும் ரெண்டு மூண்டில நித்திரை. நானும் ஒருக்கா அப்பிடி ஒண்டு போட்டு மச்சான்மாருக்கு அனுப்பினனான். ஒருத்தன் மட்டும், "மூண்டாவது படத்தில எந்தக் காட்சியடா உனக்குப் பிடிக்கும்?" எண்டு கேட்டான். கவரேஜ் இல்லை எண்டு சொல்லிச் சமாளிச்சன், கிளிநொச்சிப் பக்கம் எங்கட வட்டக்கச்சியில அது எப்பவும் நம்பக்கூடிய பொய்தான்.

அதுக்குப் பிறகு போனை விட்டிட்டன். முதல்ல ஒரு பழைய கொப்பி எடுங்கோ, இரவு சாப்பிட்டாப் பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து ஞாபகத்தில வாற படம் எல்லாத்தையும் எழுதுங்கோ. முப்பது வரும், நாப்பதும் வரும். பெயர் மறந்தா, "அந்தக் கிழவன் சைக்கிளில வாற படம்" எண்டாவது எழுதுங்கோ. வெக்கப்படாதேங்கோ, குத்துப் பாட்டுப் படம் எண்டாலும் எழுதுங்கோ, வெட்டுறது பிறகு பாப்பம்.

பேந்துதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில அதை எங்க பாத்தது, ஆரோட பாத்தது எண்டு எழுதவேணும். எங்கட பக்கத்து ஆக்களுக்கு இது லேசு, ஏனெண்டா சண்டையால கரண்ட் இல்லாத காலத்தில படம் பாக்கிறது எண்டா ஒரு கலியாண வீடு மாதிரி. ரீவியும் படக் கசெற் போடுற டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் சத்தம் படத்தை அமத்தாமல் இருக்க அதை வளவின்ர மற்றக் கரையில வைச்சு, பெற்றோல் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட விடுவினம். முற்றத்தில பாய், சாக்கு, பின்னால கிழவியள், எல்லாருக்கும் பின்னால சைக்கிள் பாரில பெடியள். நடுவில கோடு கோடா வந்தா டெக் அண்ணை ஹெட்டைத் துடைக்கிற மட்டும் சனம் கதை கதையெண்டு கதைக்கும்.

முள்ளும் மலரும் நான் அப்பிடித்தான் பாத்தனான், ஒரு பத்து வயசு இருக்கும். மலையில ஆக்களை ஏத்தி இறக்கிற விஞ்ச் ஓட்டுற காளி, கை போனாப் பிறகும் திமிர் போகாத மனுசன், அவன்ர தங்கச்சி வள்ளி. கடைசியில அவள் ஊர்ச் சனத்தோட எஞ்சினியரைக் கலியாணம் கட்டப் போய்க்கொண்டிருக்கிறாள், காளி குறுக்க வந்து நிக்கிறான், ஜெனரேற்றர் ரெண்டு தரம் இருமிச்சு, நிண்டிட்டுது. எண்ணெய் முடிஞ்சுது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில ஒருத்தன், அவள் அண்ணனை விட்டிட்டுப் போயிற்றாள் எண்டான். நானும் அதை நம்பி அந்தத் தங்கச்சியில எத்தினை வருசம் கோவமா இருந்தன் தெரியுமே. கரண்ட் வந்து, வீட்டில ஆறுதலா இருந்து பாத்தாத்தான் தெரிஞ்சது, அவள் எல்லாரையும் விட்டிட்டு அண்ணனிட்டத்தான் ஓடி வாறாள், அந்த ஒரு கணத்தில அவன் உருகி, தானே அவளைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறான், எஞ்சினியரை இன்னும் பிடிக்கேல்லை எண்டதையும் மூஞ்சைக்கு நேர சொல்லிப்போட்டு. நான் தனிய இருந்து அழுதன். 1978 இல மகேந்திரன் எடுத்த முதல் படம், கமரா எங்கட மட்டக்களப்பான் பாலு மகேந்திரா.

அதால மூண்டாவது வேலை, முடிவெடுக்க முதல் திருப்பிப் பாருங்கோ. ஞாபகத்தில இருக்கிற படமும் உண்மையான படமும் ரெண்டு. என்ர முப்பதில பன்னிரண்டு இதிலயே விழுந்திட்டுது, சின்னனில வாயைப் பிளந்து பாத்த சண்டைப் படம் எல்லாம் இப்ப அரை மணித்தியாலம் தாங்கேல்லை.

இன்னொரு பொறி இருக்கு, எங்களைப் பற்றின படம் எண்டதுக்காகவே சேக்கிறது. கன்னத்தில் முத்தமிட்டால் 2002 பெப்ரவரியில வந்தது, அதே மாதம்தான் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடுவில சண்டை நிறுத்த ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. மாங்குளம் எண்ட பெயரைப் பெரிய படத்தில கேக்க உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனா அந்த மாங்குளத்துக்கும் நான் பஸ் மாறுற சந்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எல்லாம் இந்தியாவில எடுத்தது. வைச்சிருக்கலாமா எண்டு கனநாள் யோசிச்சு, தாயும் பிள்ளையும் சந்திக்கிற காட்சிக்காக மட்டும் வைச்சிருக்கிறன். பாலு மகேந்திராவின்ர வீடு (1988) அப்பிடி யோசிக்கவே வைக்கேல்லை. பாட்டே இல்லாத படம், மெட்ராஸ்ல ஒரு பெட்டை வீடு கட்டப் படுற பாடு, கொந்தறாத்துக்காரன் சீமெந்தைக் களவா விக்கிறான். சண்டை முடிஞ்சாப் பிறகு வீடு கட்டத் தந்த வீட்டுத்திட்டக் காசு அஞ்சரை லட்சத்தில அத்திவாரம், சுவர், கூரை எண்டு இழுபட்ட ஆக்களுக்கு இது வேற விளக்கம் தேவையில்லாத படம்.

பத்தாக் குறைக்கிறது கஷ்டம், ஆனா நம்பர் போடாதேங்கோ. லண்டனில சைற் அண்ட் சவுண்ட் எண்ட சஞ்சிகை 1952 இலிருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா விமர்சகர்களிட்ட ஆளுக்குப் பத்துப் படம் கேட்டு வாங்குது. முதல் தரம் முதலாவதா வந்தது இத்தாலிக்காரர் டி சிக்காவின்ர சைக்கிள் திருடர்கள், 2022 இல முதலாவது வேற படம். அவையளே மாத்தேக்க உங்களுக்கென்ன. அந்தச் சைக்கிள் படத்தை நான் அப்பாவோட பாத்தனான், அவருக்குப் பாஷையும் விளங்காது, கீழ ஓடுற இங்கிலீசும் வாசிக்கமாட்டார். சைக்கிள் பறிகுடுத்தவன் கடைசியில தானே இன்னொருத்தன்ர சைக்கிளில கை வைக்கப் போகேக்க, மனுசன் கதிரையில முன்னுக்கு வந்து "எடாதையடா, எடாதையடா" எண்டு சத்தம் போட்டார். ஒரு சைக்கிளில விறகும் தண்ணியும் ஏத்தி, வருத்தக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஆள் அவர். அந்தப் படத்தை வெட்ட எனக்கு வழியில்லை.

கடைசியாத் திகதியைப் போட்டு வையுங்கோ, அடுத்த வருசம் கொப்பியைத் திறக்கேக்க சிரிப்பு வரும். என்ரையில ஒம்பது நிரம்பிட்டுது, பத்தாவதுக்கு உதிரிப்பூக்களும் அன்பே சிவமும் அடிபடுது, ஞாயிற்றுக்கிழமை ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போட்டுப் பாக்கப்போறன், கரண்டை வெட்டாட்டி.