பழைய மோட்டார்ஹோமில் கழிவுத் தொட்டியும் டாய்லெட்டும் மாற்றுவது எப்படி

டாய்லெட் வாங்க ஓடுவதற்கு முன், நிரம்பியதை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்க மோட்டார்ஹோம்கள் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டிகள்), முகாம் இடங்களில் கழிவு இறக்கும் குழி இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. இங்கே மலேசியாவில் அதை எதிர்பார்த்துப் பயணம் கிளம்ப முடியாது. லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில், திறந்துவிடுவது குற்றம். அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஆற்றில் சேர்கிறது. தரை வீடாக இருந்தால் உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் கழிவு மேன்ஹோலே நம்பகமான இடம். கொண்டோவாசிகள் வண்டிக்கு அடியில் மாட்டும் கீழ்த்தொட்டியை மறந்துவிட்டு கேசட் டாய்லெட்டுக்கு மாறுவது மேல். கேசட் என்னும் அதன் சிறு தொட்டி சுமார் 18 லிட்டர் கொள்ளும். கழற்றித் தூக்கிப்போய் வீட்டு டாய்லெட்டிலேயே கொட்டலாம்.

கீழ்த்தொட்டிதான் வேண்டும் என்றால் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஃபிளஷுக்கு 1 லிட்டர், கழுவ 1 லிட்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் நான்கு பேருக்கு 40 லிட்டர். 80 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது, ஏனென்றால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் வளைவுக்கு வளைவு உள்ளே அலையடிக்கும். ஒன்று மட்டும் நமக்குச் சாதகம்: தண்ணீர் அதிகமாகப் போவதால் டாய்லெட் துளைக்கு நேர் கீழே கழிவு மேடு கட்டிக் காய்வது குறைவு.

பொருளைப் பொறுத்தவரை 6 மி.மீ. சுவர் கொண்ட பாலிஎதிலீன் தொட்டியே நல்ல தேர்வு. பட்டறையில் ஸ்டெயின்லெஸ் அடித்துக்கொள்பவர்கள் 316 ரகம் கேட்க வேண்டும். 304 வெல்டிங் ஓரங்களில் சிறுநீரின் உப்பால் அரிக்கும்.

கழற்றும் வேலை

தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரச் சோப்பும் ஊற்றி, வண்டியைச் சற்று ஓட்டி, மேன்ஹோலில் காலி செய்யுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நாற்றத்தைக் கொல்ல குளோரோக்ஸ் பிளீச்சும் ஆசிட் கிளீனரும் சேர்த்து ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கலாம். ஆகவே பழைய குழாயை கிரைண்டரால் அறுக்காதீர்கள். கை ரம்பம் போதும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். தடித்த ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பம்ப்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகு அரை அங்குலத் தண்ணீர் இணைப்பைக் கழற்றுங்கள். டாய்லெட்டின் அடிநட்டுகள் துருப்பிடித்திருந்தால் மல்லுக்கட்டாமல் கை ரம்பத்தால் அறுத்துவிடலாம். டாய்லெட்டைத் தூக்கியதும் ஒரு ஸ்குரூடிரைவரால் சுற்றியுள்ள பலகையைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, ஓரங்களில் எப்பாக்சி பூசிய மரைன் பிளைவுட் பொருத்துங்கள். இதைத் தள்ளிப்போட்டால் புதிய டாய்லெட் ஆடும், சீல் அறும், மறுபடி ஒழுகும்.

தொட்டியை ஜாக்கில் தாங்கிய பிறகே இரும்புப் பட்டைகளை அவிழ்க்க வேண்டும். இறக்கும் முன் நுழைவுத் துளை, காற்றுக் குழாய், வெளியேறும் வாய் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று ஓரங்களிலிருந்து அளந்து அட்டையில் வரைந்து வையுங்கள்.

அளவில்தான் சிக்கல்

அமெரிக்க 3 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 88.9 மி.மீ. உள்ளூர் ஹார்ட்வேர் கடையில் 3 அங்குலம் என்று கொடுக்கும் மெல்லிய கழிவுக் குழாய் சுமார் 82 மி.மீ. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று சேராது. கடைக்குப் போகும்போது பழைய துண்டையும் விட்டம் அளக்கும் வெர்னியரையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் இணைக்க, ஸ்டீல் பட்டை போட்ட ரப்பர் கப்ளிங்தான் சரி. பழையது கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் சாதாரண பிவிசி பசை அதை நம்பகமாக ஒட்டாது. பாலிஎதிலீன் தொட்டியில் எந்தப் பசையும் சிலிகானும் நிற்காது. துளை ஓரத்தில் பொருந்தும் ரப்பர் குரோமெட் சீல் அல்லது பிளாஸ்டிக் வெல்டிங் மட்டுமே வழி. துளையை ஹோல் சாவால் வெட்டி, பிசிறு நீக்கி, சோப்புத் தண்ணீர் தடவிக் குழாயைத் தள்ளினால் இறங்கும்.

நுழைவுக் குழாய் டாய்லெட்டிலிருந்து வளைவில்லாமல் நேராக விழ வேண்டும். ஒன்றரை அங்குலக் காற்றுக் குழாய் தொட்டியின் கூரையோடு நிற்கட்டும். அது உள்ளே நீண்டு, நீர்மட்டத்துக்குள் மூழ்கிவிட்டால் வாயு மேலே போக வழியில்லாமல் டாய்லெட் வழியாக அறைக்குள் வரும். “புது தொட்டி, ஆனாலும் நாற்றம்” என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கூரை முனையில் மூடியும் கொசு வலையும் போட்டு, சுற்றிலும் பாலியூரிதேன் சீலன்ட் வையுங்கள். வெளியேறும் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும்.

வெளியேறும் வாயைத் தகடு சறுக்கி மூடும் கத்தி வால்வை இரண்டு ரப்பர் சீல்களுக்கு இடையே வைத்து நான்கு போல்ட்டையும் எதிரெதிராக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் சீல் சுருண்டு வால்வு சொட்டும்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் தரையிலேயே தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். மாட்டியபின் மறுபடியும் சோதியுங்கள். நிரம்பிய 80 லிட்டர் தொட்டி 80 கிலோவுக்கு மேல் கனக்கும். மழையில் துருப்பிடித்த பழைய பட்டைகளை அதற்கு நம்பக் கூடாது.

டாய்லெட்

டாய்லெட்டைத் தரையோடு பிடிக்கும் வளையமான தரை ஃபிளாஞ்ச், முடிந்த தரைக்கு மேல் 6 முதல் 11 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் டாய்லெட் ஆடும். தாழ்ந்தால் சீல் அழுந்தாது. புதிய சீலை வைத்து நேராக இறக்கி, மேலே உட்கார்ந்து அழுத்திய பிறகு நட்டுகளைக் கையால் இறுக்கி, மாறி மாறி அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள். அதிகம் முறுக்கினால் அடிப்பகுதி விரிசல் விடும். ஹேண்ட் பிடே (கழுவும் கை ஸ்பிரே) போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் தனி ஸ்டாப் வால்வு கட்டாயம். கைப்பிடி துளித்துளியாகச் சொட்டினால் 12 வோல்ட் பம்ப் இரவெல்லாம் விட்டு விட்டு ஓடும்.

மேன்ஹோல் தொலைவிலோ உயரத்திலோ இருந்தால் கழிவை அரைத்துத் தள்ளும் மாசரேட்டர் பம்ப் வைத்து ஒரு அங்குல ஹோஸில் தள்ளலாம். அதற்கு 20 ஆம்பியர் ஃபியூஸும் தடித்த வயரும் தேவை. உலர ஓடினால் உள்ளே ரப்பர் கருகும். தொட்டி காலியானதும் சத்தம் மாறும், உடனே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறை காலி செய்தபின்னும் வால்வை மூடி, 5 லிட்டர் தண்ணீரும் என்சைம் மருந்தும் ஊற்றிவிடுங்கள். ஃபார்மலின் கலந்த நீல மருந்து வேண்டாம். வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால் அதிலுள்ள பாக்டீரியாவை அது கொன்றுவிடும். கிண்ணத்தின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிண்ணத்தின் அடியை மூடும் பிளேடின் சீலைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாஸலின் போன்ற பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.