ஈரமும் கூட்டமும் இல்லாத செந்நிறக்கீழ் நிறமாலை எடுப்பது எப்படி

மாரிக்குள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாதிரியைப் பொற்றாசியம் புரோமைட்டுத் தூளோடு வில்லையாக அழுத்தி, எந்த அலையெண்ணில் செந்நிறக்கீழ் ஒளியை அது உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலை எடுத்த பிள்ளைகளுக்குத் தெரியும், 3400 செ.மீ.⁻¹ (அலையெண்ணின் அலகு) பக்கம் பெரிய மேடு ஒன்று வந்து குந்திவிடும். அது வில்லை குடித்த ஈரம். ஈரத்தை முழுக்கத் துரத்தினாலும் உச்சிகள் அகலமாகத்தான் நிற்கும், ஏனென்றால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாயுவாக்கினாலோ சுழற்சிக் கோடுகள் குழப்பும். இரண்டுக்கும் சேர்த்து அமெரிக்க இரசாயனவியலாளர் ஜோர்ஜ் பிமென்டலும் கூட்டாளிகளும் 1954இல் வெளியிட்ட வழிதான் மெற்றிக்ஸ் தனிமைப்படுத்தல்: மூலக்கூறுகளைத் தனித்தனியாக ஆகன் என்ற மந்த வாயுவை உறையவைத்து அதற்குள் சிறைவைப்பது.

மாமரத்து முசுறு கடித்தால் எரியுமே, அந்தப் போமிக்கமிலத்தையே எடுப்போம். திரவத்தில் அதன் காபனைல் (C=O பிணைப்பு) உச்சி 1720ஐ அண்டி அகலமாகக் கிடக்கும், ஆகனில் தனி மூலக்கூறு 1767 அருகில் ஊசி மாதிரி நிற்கும்.

அமிலத்தைத் திரவ நைதரசனில் உறையவைத்து, வளியை உறிஞ்சி, உருகவிட்டு, இதையே சில தடவை செய்யுங்கள். நன்றாகச் சூடாக்கி உலர்த்திய கண்ணாடிக் குடுவைக்குள் 0.5 மில்லிபார் ஆவி, அதன்மேல் ஆகன் 500 மில்லிபார் வரை, அதாவது 1:1000. இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். இரண்டிரண்டாக ஒட்டிய மூலக்கூறுச் சோடிகளின் கோடுகள் பெரிதாக வந்தால் 1:2000.

குளிரூட்டியை 10⁻⁶ மில்லிபார் அளவு வெற்றிடமாக்கிய பிறகுதான் வாயு படிந்து உறையப்போகும் சீசியம் அயடைட்டு யன்னலை 10 கெல்வினுக்கு இறக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மிஞ்சிய ஈரமெல்லாம் முதலில் அதிலேதான் உறையும். வெறும் யன்னலைப் பின்னணியாக எடுத்துவிட்டு, வாயுவை மணிக்குச் சில மில்லிமோலுக்கு மேல் போகாமல் மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் படலம் சூடாகி மூலக்கூறுகள் நகர்ந்து சோடி சேரும், அடிக்கோடும் சரியும். பிரிதிறன் 0.5 செ.மீ.⁻¹ வைத்துக்கொள்ளுங்கள், 4 வைத்தால் பட்ட பாடு வீண். கரண்ட் போனால் படலம் பறந்துவிடும், ஆகவே படிந்ததும் முதல் நிறமாலையை உடனே சேமியுங்கள்.

அப்புறம் 1624, 1608ஐப் பாருங்கள், அது தண்ணீர்; 1593 தண்ணீர்ச் சோடி; 2345, 2339 காபனீரொட்சைட்டு. நேரம் போகப் போக இவை வளர்ந்தால் எங்கோ கசிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கடைசியில்தான். 30 கெல்வினுக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் வைத்து, திரும்ப 10க்கு இறக்கி இன்னொன்று எடுத்து, முதலாவதைக் கழித்துப் பாருங்கள். வளர்ந்த கோடுகள் பெரும்பாலும் சோடிகள். பக்கத்துப் பக்கத்தில் இரட்டையாக நின்று, ஒன்று தேய மற்றது வளர்ந்தால், அது ஒரே மூலக்கூறு ஆகனுக்குள் இரண்டு விதமான இடங்களில் இருந்ததன் அடையாளம், புதுப் பொருள் என்று எழுதிவிடாதீர்கள்.