‘இது எங்க இருக்கு?’ என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது: ஊரைப் பற்றிச் சமூக ஊடகப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கையேடு

கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையின் படத்தை எப்போது போட்டாலும் லைக் வரும். கொடைக்கானலிலிருந்து வரும் சாலையின் வளைவில் நின்றால் போதும். படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவே நெருக்கியடித்த வீடுகள், மேலே ஒரு மேகம். யார் எடுத்தாலும் அழகாக விழும் படம் அது. அதனால் அந்த லைக்குகளை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

இந்த ஊர்ப்பகுதியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு பக்கம் நடத்துகிறோம். படம் எடுப்பது இளையவர்கள் வேலை. கமெண்டும் இன்பாக்ஸும் என் பொறுப்பு. ஊரைப் பற்றி இப்படிப் பக்கம் தொடங்கியிருக்கும் மற்றவர்கள் அடிக்கடி கேட்பது, "ரீச் எப்படி ஏத்துறது?", அதாவது பதிவை இன்னும் நிறையப் பேர் பார்க்க என்ன செய்வது என்றுதான். பார்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டால் ரீச் தானாக வரும் என்பது என் அனுபவம். அதை எப்படிக் கவனிப்பது என்று எழுதுகிறேன்.

வரப்போகிறவர் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்வார். பதிவைச் சேமித்து வைப்பார், நண்பருக்கு அனுப்புவார், அல்லது கேள்வி கேட்பார். சேமிப்பும் அனுப்பலும், பக்கத்தின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸ் பகுதியில் எண்ணாகத் தெரியும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து, லைக் வரிசையை விட்டுவிட்டு, இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் பதிவுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். வேறொரு பட்டியல் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியலில் மேலே இருப்பது, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அறை வாசல் வரை நடந்துகொண்டே எடுத்த ஒரு சாதாரண வீடியோ. பின்னணி இசை கிடையாது. எடுத்த பையன் படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுகிறான், முப்பத்திரண்டு என்று முடிக்கிறான், கதவைத் திறக்கிறான், வெஸ்டர்ன் டாய்லெட்டையும் சுடுதண்ணீர்க் குழாயையும் காட்டுகிறான். லைக் என்று பார்த்தால் சொற்பம். ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவர நினைக்கும் பிள்ளைகள் இதைத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறார்கள். மலையில் விடுதி என்றால் படி இருக்கும், எத்தனை என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நண்பரை டேக் செய்கிற கமெண்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. "மாப்ள, தீபாவளி லீவுக்கு இதுதான்" என்று ஒருவர் எழுதினால், அங்கே பயணத்தின் தேதியே கிடைத்துவிட்டது. உடனே ரேட்டைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள், இரண்டு நண்பர்கள் பேசும் இடம் அது. அந்தத் தேதிக்கு உதவும் ஒரு தகவலை மட்டும் கீழே வையுங்கள். நான் இப்படி எழுதுவேன்: "தீபாவளி சமயம் இங்கே வடகிழக்குப் பருவமழை நேரம். பள்ளத்தாக்கு முழுக்க மூடியும் இருக்கலாம், கழுவிவிட்டதுபோலத் தெளிந்தும் இருக்கலாம். ரெயின்கோட் எடுத்துக்கோங்க, மலைச்சாலையில இருட்டுறதுக்கு முன்னாடி வந்து சேருற மாதிரி கிளம்புங்க." இதற்கு மேல் அவர்களே கேட்பார்கள்.

கேள்விகளுக்கு வருவோம். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தோன்றும்: எங்க இருக்கு, எவ்வளவு, எப்படி வரணும். யார் கேட்கிறார் என்று சேர்த்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். பேருந்து உண்டா, சாப்பாடு சைவமா, குளிர் தாங்குமா என்று கேட்பார்கள். கூடவே தாங்கள் கல்யாணமான புதிதில் கொடைக்கானல் வந்த கதையையும் எழுதுவார்கள். அந்தக் கதைக்கு ஓர் இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. "அப்போ எங்கே தங்கினீங்க?" என்று ஒரு வரி கேளுங்கள். பத்துப் பேர் தங்கள் நினைவோடு அங்கே வந்து சேர்வார்கள், அந்தப் பதிவு பல நாள் உயிரோடு இருக்கும். இன்ஸ்டாகிராமில் இளையவர்கள், பைக்கில் வருகிறவர்கள், கேரளத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம். மலையாளத்தில் கேட்டால் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் கேட்டாவது அதே மொழியில் பதில் போடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவருக்குச் சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழ் எழுத்திலேயே சொன்னால் போதும், நன்றாகப் புரிகிறது.

"ரேட் டிஎம்", அதாவது விலையை இன்பாக்ஸில் கேளுங்கள் என்று பதில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். விலையைக் கேட்டவர் ஒருவர், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் நூறு பேர். வார நாளில் இவ்வளவு, சனி ஞாயிறில் இவ்வளவு, மே மாதம் இவ்வளவு என்று பொதுவிலேயே எழுதினால் அந்த நூறு பேருக்கும் பதில் கிடைத்துவிடும். மறைத்தால் ஆளுக்கொரு விலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பொதுவில் கேட்கவே முடியாத கேள்விகளும் இருக்கின்றன. அவை இன்பாக்ஸுக்குத்தான் வரும். "பொண்ணுங்க நாலு பேர் மட்டும் வர்றோம், ராத்திரி பாதுகாப்பா இருக்குமா?" "அப்பாவுக்கு ஆஸ்துமா, குளிர் ஒத்துக்குமா, பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" "கைக்குழந்தைக்குப் பால் சூடு பண்ண முடியுமா?" கேட்டவருக்குப் பதில் சொல்லிவிட்டு, பெயரும் அடையாளமும் இல்லாமல் அதையே ஒரு பதிவாகப் போடுங்கள். ஒருவர் கேட்டார் என்றால் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். இரவுப் பாதுகாப்பு பற்றி நாங்கள் போட்ட பதிவில் அழகான படம் எதுவும் இல்லை. வாசல் விளக்கு, உள்பக்கத் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் குடும்பம், இவ்வளவுதான் காட்டினோம். அதற்கு அப்புறம் பெண்கள் மட்டுமாக வரும் குழுக்கள் கூடின.

தேதி இல்லாத படம்

எல்லாவற்றையும்விட எனக்கு ஆதங்கமான விஷயம் இது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கடைசியாக இங்கே பெருமளவில் பூத்தது 2018-இல், அடுத்து 2030-இல் எதிர்பார்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் வந்தால் யாராவது 2018-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துப் போடுகிறார்கள். உடனே "இப்ப பூத்திருக்கா? இந்த வாரம் கிளம்பலாமா?" என்று கேள்விகள் குவிகின்றன. இடையில் வேறு வகைக் குறிஞ்சிகள் அங்கங்கே பூப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சென்னையிலிருந்து ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்து, பச்சை மலையைப் பார்த்துவிட்டு முகம் வாடி நிற்கிற குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

எந்தப் படமானாலும் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். பழைய படம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மேகமும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் எடுத்த மூடுபனிப் படத்தை ஏப்ரலில் போட்டால் வருகிறவர் ஏப்ரலில் மூடுபனியைத் தேடுவார். ஸ்டோரியில் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, ஃபில்டர் எதுவும் போடாமல், அன்றைய வானத்தை அப்படியே காட்டுங்கள். அதற்கு யாரும் இதயம் அனுப்ப மாட்டார்கள். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் தவறாமல் பார்ப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், அப்போது ஸ்டோரியில் வெப்பமானி படம் போட்டால் "ஸ்வெட்டர் போதுமா, ஜெர்கின் வேணுமா" என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வி கேட்பவர் டிக்கெட் எடுத்துவிட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதிமுறை மாறும்போது கமெண்ட் பகுதி கொதிக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வருகிறவர்கள் இணையத்தில் பதிந்து எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தபோது, போட்ட படம் எதுவானாலும் கீழே இ-பாஸ் சண்டைதான். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தபோதும் அப்படியே. அரசாங்கத்துக்கு வக்கீலாகவும் வேண்டாம், எதிரணியாகவும் வேண்டாம். வருகிறவருக்கு வேண்டியதை ஒரே கமெண்டில் எழுதி, எப்போதும் மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்துவிடுங்கள்: இ-பாஸ் இணையத்தில் எடுக்க வேண்டும், மலை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை, சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள். விதி மாறிய அன்றே அந்தக் கமெண்டையும் மாற்றுங்கள்.

லொகேஷன் கேட்டால்

"லொகேஷன் ப்ளீஸ்" என்பதும் "தயவுசெய்து லொகேஷன் போடாதீங்க, இதையும் குப்பை ஆக்கிடுவாங்க" என்பதும் ஒரே பதிவுக்குக் கீழே வரும். இரண்டாவதாக எழுதுகிறவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், அல்லது பல ஆண்டாக இங்கே வந்துபோகிறவர். அவரை முட்டுக்கட்டையாக நினைக்காமல் காது கொடுங்கள். அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் என்ற மலைப் பகுதியின் சுற்றுலா அமைப்பு 2018-இல் பயணிகளிடம், துல்லியமான இடத்தை டேக் செய்யாதீர்கள், பொதுவாக ஊர்ப்பகுதியைச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டது. ஜப்பானில் ஃபுஜிகவாகுசிகோ என்ற ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரியும் கோணம் இணையத்தில் பரவி, கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் கறுப்புத் திரையே கட்டினார்கள். நம் மலையின் சோலைக்காட்டு ஓரத்துக்கும் சிற்றோடைகளுக்கும் அந்த நிலை வரக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

நாங்கள் வைத்திருக்கும் பழக்கம் இது. ஊர், குழந்தை வேலப்பர் கோயில், சாலையோரக் காட்சிமுனை, மன்னவனூர் ஏரி எல்லாவற்றுக்கும் லொகேஷன் உண்டு. காட்டுக்குள் இருக்கும் அருவி, வனத்துறை அனுமதி வேண்டிய இடம், தனியார் தோட்டம் எதற்கும் கிடையாது. கேட்டால் காரணத்தோடு சொல்கிறோம்: "அது வனப்பகுதி. வழுக்குப் பாறை, யானை, காட்டெருமை நடமாட்டம் இருக்கு. அனுமதியோட போற இடம்னா பேரிஜம் ஏரி இருக்கு, எப்படி அனுமதி வாங்குறதுன்னு சொல்றேன்." மாற்று இடம் சொல்லாமல் வெறுமனே மறுத்தால் கோபம்தான் வரும்.

இனி குறை சொல்லும் கமெண்ட். "போட்டோல பாத்தது ஒண்ணு, நேர்ல ஒண்ணு. டிராஃபிக்ல நாலு மணி நேரம் போச்சு." இதை நீக்காதீர்கள், சமாளிக்கவும் வேண்டாம். என்றைக்கு வந்தார், எந்த வழியில் வந்தார் என்று கேளுங்கள். மே மாதச் சனிக்கிழமை என்றால் அவர் சொல்வது உண்மை. "ஆமாங்க, கோடை விழா சமயம் சனி, ஞாயிறு அப்படித்தான் இருக்கும். செவ்வாய், புதன் வந்தா நிம்மதியா பாக்கலாம்" என்று பதில் போடுங்கள். அடுத்து வாசிப்பவர் அந்தக் குறையையும் பார்ப்பார், வழியையும் பார்ப்பார். இந்த மாதிரிக் கமெண்டுக்குக் கீழே ஏற்கெனவே வந்துபோன விருந்தாளிகள் தாங்களாகவே வந்து அனுபவத்தைச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதை மற்றவர்கள் நம்புவதுபோல நாம் சொல்வதை நம்ப மாட்டார்கள், அது நியாயம்தான்.

அதனால் வந்துபோனவர்களின் படங்களுக்கு இடம் கொடுங்கள். அனுமதி கேட்டு, அவர்கள் எழுதிய வரியை மாற்றாமல் பகிருங்கள். சேறான ஷூ, மழையில் நனைந்த கூடாரம், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றும் அத்தை, எதுவானாலும் சரி. குழந்தைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையுமே லைக் செய்யாமல், கமெண்ட் போடாமல், ஓர் ஆண்டு முழுக்க ஸ்டோரியை மட்டும் பார்த்துவிட்டு நேரே வந்து நிற்பவர்கள் உண்டு. லைக், கமெண்ட் எண்ணில் அவர்கள் தெரிய மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, "எதைப் பாத்து வந்தீங்க?" என்று டீ கொடுக்கும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "உங்க பேஜ்" என்றால் விடாமல், எந்தப் பதிவு என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சிலர் சேமித்து வைத்ததை எடுத்தே காட்டுவார்கள்.

அந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். விலை, சாலை, இ-பாஸ், தொலைபேசி எண் எதுவும் பழையதாகியிருந்தால் அங்கேயே திருத்துங்கள். போன ஆண்டு சேமித்து வைத்தவர் இந்த ஆண்டு அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்.