படர்தாமரை, நகச்சொத்தை: எந்தப் பூஞ்சை என்று கண்டுபிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரிப் புழுக்கம் வந்தால் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் நகமும் தோல் செதிலும் குவியும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் நேரே மைக்ரோஸ்கோப்பில் போய் உட்காருவார்கள். நான் முதலில் பிளேடு பிடிக்கத்தான் கற்றுத் தருவேன்.

படர்தாமரை வட்டத்தின் நடுவில் சுரண்டாதீர்கள். அங்கே பூஞ்சை அடங்கியிருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சிவந்து தடித்த ஓரத்தைச் சுரண்டுங்கள். என்ன களிம்பு போட்டீர்கள் என்றும் கேளுங்கள். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதி ஆயாமார் “ஒண்ணும் போடலப்பா” என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பேரனுக்கு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு வெளியே வரும். அது வட்டத்தின் உருவத்தையே மாற்றிவிடும். நகம் என்றால் வெட்டிய நுனி போதாது. அடியில் உதிரும் பொடியை, நல்ல நகம் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அங்கிருந்து எடுங்கள். மடித்த காகிதத்தில் வையுங்கள். ஈர டப்பாவில் பாக்டீரியா பெருகிவிடும்.

எடுத்ததில் பாதியை, தோலையும் நகத்தையும் கரைத்துப் பூஞ்சை இழையைக் காட்டும் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நகம் ஊற அதிக நேரமாகும். குறுக்குச் சுவருள்ள கிளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை உண்டு. எது என்று தெரியாது. தேமல் மட்டும் விதிவிலக்கு: குட்டை இழையும் உருண்டை ஈஸ்ட் கொத்தும் சேர்ந்து கிடந்தால் மலசீசியா என்ற பூஞ்சை, வளர்த்துப் பார்க்கத் தேவையில்லை.

மீதியைச் சாபரோ அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊட்டக்கூழ்) 25–30 டிகிரியில் நான்கு வாரம் வரை வையுங்கள். தட்டின் அடிப்புறம் ஒயின் சிவப்பானால் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் இழையோரம் துளி வடிவ வித்துகள் தெரிய வேண்டும், யூரியாவை உடைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையும் பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். உருண்டை வித்துக் கொத்தும் சுருள் இழையும் இருந்து, ஒரு வாரத்துக்குள் யூரியேஸ் பாசிட்டிவ் ஆனால் டிரைக்கோஃபைட்டான் இன்டர்டிஜிட்டேல் பக்கம் யோசியுங்கள். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் அடங்காத டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியேவும் பார்வைக்கு இதே மாதிரிதான்; மரபணு வரிசை பார்த்தால்தான் பிரியும். இங்கே குழந்தைகளின் தலையில் படர்தாமரை என்றால் முதலில் டிரைக்கோஃபைட்டான் வயலேசியம். ஊதாவாக, மெதுவாக வளரும். தயமின் (வைட்டமின் பி1) சேர்த்தால் வேகம் கூடும்.

அப்புறம், காற்றுப் பூஞ்சைகளை அடக்கும் சைக்ளோஹெக்சிமைடு கலந்த தட்டு மட்டும் வைத்தால் நகத்தைத் தாக்கும் நியோசைட்டாலிடியம் என்ற பூஞ்சையும் வளராது. கலக்காத தட்டும் ஒன்று வையுங்கள். அதில் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சை வந்தால் உடனே அறிக்கை எழுதாதீர்கள், அது காற்றிலேயே இருப்பது. நகப்பொடியில் இழை தெரிந்து, மறுபடி எடுத்த மாதிரியிலும் அதுவே வளர்ந்தால் எழுதலாம்.