கறுத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயில் அல்ல

டீசல் கார் வைத்திருக்கும் பலர் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "மை மாதிரி கறுப்பா இருக்கே" என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம். டீசல் எரியும்போது புகைக்கரி உண்டாகும். அது கட்டியாகத் திரண்டு படியாமல் பொடியாகவே மிதக்கவிடுவது ஆயிலின் வேலை. அந்த வேலை நடப்பதால்தான் கறுக்கிறது.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஓடிச் சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் செருகி மறுபடி எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கீழ்க்குறிக்கு வந்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

மட்டம் குறைந்தால் எல்லோரும் கவனிப்பார்கள்; ஏறினால் கவனிப்பதில்லை. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். பிஎஸ்6 என்ற புகை விதிக்கு ஏற்ப வந்த டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தும். தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று, டீசல் ஆயிலில் இறங்கிவிடும். மட்டம் ஏறும், டீசல் வாடை வரும், விரலில் தேய்த்தால் நீர்த்துத் தெரியும். உடனே மாற்றுங்கள்.

ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சிஎன்ஜி வண்டியில் கதை நேர்மாறு. கரி குறைவு என்பதால் ஆயில் தெளிவாகவே தெரியும். ஆனால் எரியும் சூட்டில் ஆக்ஸிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதைத் தாக்கி மெல்லக் கெட்டியாக்கும். அங்கே நிறத்தை நம்பாமல், வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கடையில் கேன் வாங்கும்போது 5டபிள்யூ-30 போன்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அது குளிரிலும் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்லும். கேனில் எழுதியிருக்கும் ஏபிஐ என்ற அமெரிக்கத் தரக் குறியீட்டில் 'எஸ்' வரிசை பெட்ரோலுக்கு, 'சி' வரிசை டீசலுக்கு. டிபிஎஃப் இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில், உதாரணமாக ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் சி3, வேண்டும் என்று கையேட்டில் கேட்டிருப்பார்கள். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது. வடிகட்டியிலேயே தங்கி அடைத்துவிடும். கையேட்டில் உள்ள குறியீட்டை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வாங்குங்கள்.