ஏரி உள்வாயில் காட்டு நெல்லைக் காக்கும் முறை

புகையான் என்னும் பூச்சி பரப்பும் புல்குட்டை நோய் ஆசிய வயல்களை அழித்தபோது, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தது. எதிர்ப்புத்திறன் கிடைத்ததோ உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல்லின் ஒரே விதைத்தொகுப்பில்தான். அந்த எதிர்ப்புத்திறன் 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36 நெல் ரகத்திற்குள் சென்றது. அதே காட்டு நெல் இனம் தமிழ்நாட்டின் ஏரி உள்வாய்களிலும் (ஏரிக்குள் நீர் தேங்கும் பரப்பு) குளக்கரைகளிலும் களையென்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறது. குளிர்பதன விதை வங்கியில் வைத்த விதை சேகரித்த நாளில் இருந்தபடியே இருக்கும்; ஏரியில் நிற்கும் செடியோ ஒவ்வோர் ஆண்டும் புதிய பூச்சியையும் வறட்சியையும் சந்தித்து மாறிக்கொண்டே வரும். எனவே இருக்கும் இடத்திலேயே காப்பது தனியாகச் செய்யவேண்டிய வேலை.

முதலில் செடியை உறுதிசெய்ய வேண்டும். கதிரை விரலால் இலேசாகத் தட்டினாலே முற்றிய மணிகள் உதிரும். மணியின் நுனியில் நீண்ட, சொரசொரப்பான மீசை இருக்கும். கறுத்த உமியை நீக்கினால் உள்ளே சிவந்த அரிசி தெரியும். இவற்றுள் ஒன்று மட்டும் பொருந்தினால் அவசரப்பட வேண்டாம், ஏனெனில் வயல் நெல்லோடு கலந்து உருவான களைநெல்லும் அப்படித் தோன்றும்.

அடுத்தது தண்ணீர், பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தோற்கின்றன என்பது என் கருத்து. இந்த நெல் ஓராண்டுப் பயிர். மழையில் முளைத்து, ஆழமற்ற நீரில் வளர்ந்து, நீர் வற்றும்போது விதையைச் சேற்றில் உதிர்த்துவிட்டு மடிகிறது. அடுத்த ஆண்டுக்கான செடிகள் முழுவதும் கோடையில் அந்த வண்டலுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கோடையில்தான் பொக்லைன் இறங்கி வண்டலை அள்ளுகிறது. தூர்வாருவதை எதிர்க்கத் தேவையில்லை. மதகையொட்டிய ஆழப் பகுதியை வாரிவிட்டு, நீர் நுழையும் பக்கத்து ஆழமற்ற சரிவை விட்டுவைக்கும்படி ஊர்க்கூட்டத்தில் பேசி, அந்த எல்லையில் கல் நட்டுவிட்டால் போதும். சரிவையும் வார நேர்ந்தால் பகுதி பகுதியாக, வெவ்வேறு ஆண்டுகளில் வாரலாம். கரையை நெட்டாக உயர்த்தி நடைபாதை போடும் ‘அழகுபடுத்தல்’ திட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் எதிர்க்க வேண்டும், ஏனெனில் அதில் அந்தச் சரிவே இல்லாமல் போகிறது.

வேலி போட்டு மாடுகளை முற்றிலும் தடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. மெக்சிகோவில் மக்காச்சோளத்தின் பல்லாண்டு உறவினத்துக்காக 1987-இல் சியரா தெ மனந்த்லான் காப்பகம் அமைந்தது. அந்தச் செடி உழவும் மேய்ச்சலும் நடந்த திறந்த நிலத்தில் செழிப்பது, மனிதர் விலகினால் காடு மூடி அதை நெருக்கிவிடும். நம் ஏரிகளில் அந்த இடத்தை ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பிடித்துக்கொள்ளும். ஆகவே கதிர் வந்தது முதல் மணி உதிரும்வரை மட்டும் மேய்ச்சலை நிறுத்தி, பிறகு விடலாம். புதர்களைக் களைக்கொல்லி தெளிக்காமல் வேரோடு பிடுங்க வேண்டும்.

உள்வாயையொட்டிய வயல்களின் மகரந்தம் வந்து கலப்பதையும் கவனிக்க வேண்டும். ஓரத்து வயலில் ஒரு பட்டம் (பருவம்) பயறோ எள்ளோ போட உழவர் இசைந்தால் நல்லது. இசையாவிட்டால், காட்டு நெல்லோடு ஒரே நேரத்தில் பூக்காத வயதுடைய ரகத்தை விதைக்கச் சொல்லலாம்.

காப்பு விதையும் எடுத்துவைக்க வேண்டும். மணி பழுக்குமுன் கதிர்களை மெல்லிய துணிப் பையால் மூடிவிட்டால் உதிர்வது பைக்குள் சேரும். ஒரே செடியில் அள்ளாமல் இடம் மாற்றி ஐம்பது செடிகளிலாவது எடுத்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் விட்டு, நிழலில் உலர்த்தி, இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்துக்கு அனுப்பலாம்.

எழுத்திலும் பதிய வேண்டும். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏரியின் பெயர், புல எண், செடி நிற்கும் பகுதி ஆகியவற்றைச் சேர்க்கச் செய்யுங்கள். அடுத்த தூர்வாரும் உத்தரவு வரும்போது அதிகாரி முன் வைக்கப் பதிவேட்டின் அந்தப் பக்கம் உதவும்.