வண்டியே வீடு: கடலூர் – புதுச்சேரி எல்லையில் கேரவனில் குடியிருக்க என்னென்ன காகிதம் வேண்டும்?

நானும் என் கணவரும் மூன்று வருடமாக ஒரு ஃபோர்ஸ் டிராவலர் வேனில் குடியிருக்கிறோம். மாதத்தில் பாதி நாள் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் நிற்கும். மீதி நாள் கடலூர்ப் பக்கம் நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டு வாசல். "இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் உண்டா?" என்று கேட்காத ஆளில்லை. நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கட்டில் அடிப்பது, சோலார் மாட்டுவதெல்லாம் இதில் வராது.

இங்கிலாந்தில் கேரவன் நிறுத்தும் நிலத்துக்கு உரிமம் வேண்டும் என்று 1960-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் வண்டியில் குடியிருப்பதற்கென்று தனிச் சட்டம் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-ல் கொண்டுவந்த கேரவன் கொள்கை சுற்றுலா வருகிறவர்களுக்கானது. ஆகவே நம்மிடம் வரும் கேள்விகள் இரண்டுதான்: இது என்ன வண்டி? நீங்கள் எந்த ஊர்? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தயார் செய்யுங்கள்.

படி 1: ஆர்.சி. புத்தகம்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். பழைய வண்டியை வாங்கியதும் சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் அடித்து முடித்துவிட்டோம். பிறகுதான் பெயர் மாற்றத்துக்காக வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். ஆய்வாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆர்.சி.யில 12 சீட்டுன்னு இருக்கு. சீட்டு எங்கம்மா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதை இன்னொரு முறை படியுங்கள்.

எனவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். முதலில் பெயர் மாற்றம். மஞ்சள் போர்டு வண்டியென்றால் பர்மிட்டை ஒப்படைத்துவிட்டு வெள்ளை போர்டுக்கு மாற்றுவது. கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது. பிறகு வரைபடத்தோடு மாற்றத்துக்கு விண்ணப்பம். ஆசாரியைக் கூப்பிடுவது அதற்கப்புறம்தான். நாங்கள் அடித்த அத்தனையையும் கழற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். நான்கு மாதம் போயிற்று.

மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் இவ்வளவும் இருந்தால்தான் கேரவன். எல்லாம் அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். மேசையை மட்டும் கழற்றும்படி வைக்கலாம். கையில் பணம் இருந்தால் இந்தத் தரநிலையில் ஒப்புதல் பெற்ற ஆட்களிடமே வண்டியைக் கட்டி வாங்குங்கள் என்பேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்கிற தரகரிடம் போகவே போகாதீர்கள். மாற்றம் முடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

படி 2: எல்லை

ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி எல்லாம் தமிழ்நாடு. முள்ளோடை வந்தால் புதுச்சேரி. உள்ளே போகப் போக எல்லை வளைந்து வளைந்து ஓடும். ஒரு வயல் அந்தப் பக்கம், அடுத்த வயல் இந்தப் பக்கம். டிஎன் 31 என்ற கடலூர் பதிவு வண்டி புதுச்சேரியில் நிற்பதில் குற்றமில்லை. ஆனால் 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்திலேயே வைத்திருந்தால், பிரிவு 47-ன்படி அங்கே புது எண் வாங்க வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, புது இடத்தில் படிவம் 27. சாலை வரியும் அங்கே கட்ட வேண்டும். எங்கள் வண்டி தொடர்ந்து ஒரே பக்கம் நிற்பதில்லை. அதற்கு அத்தாட்சியாகக் கடலூர் மெக்கானிக் பில், டீசல் ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்கிறேன்.

வரி குறைவு என்பதற்காகப் பொய் முகவரியைக் காட்டிப் புதுச்சேரியில் பதிவு செய்யாதீர்கள். அது மோசடி வழக்கில் போய் நிற்கும்.

படி 3: எங்கே நிறுத்துவது

பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் வண்டி நின்றால், பிரிவு 127-ன்படி போலீஸ் இழுத்துப் போகலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிக்கே அனுமதியில்லை.

தனியார் நிலம்தான் நல்லது. நில உரிமையாளரிடம் சர்வே எண், வண்டி எண், எந்தத் தேதி முதல் எதுவரை என்று எழுதி ஒரு கடிதம் வாங்குங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் இரவு 11 மணிக்கு ரோந்து போலீஸ் கதவைத் தட்டியபோது அந்த ஒரு தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. அதன் நகலைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

படி 4: முகவரி

ஆதாருக்கு அம்மா முகவரியைக் கொடுத்தேன். 2023 முதல் குடும்பத் தலைவர் சம்மதத்தோடு இணையத்திலேயே முகவரி மாற்றலாம். அம்மாவின் கைபேசிக்குத் தகவல் போகும். 30 நாளுக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா அந்தச் செய்தியைக் கவனிக்காததால் என் முதல் விண்ணப்பம் காலாவதியானது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே செய்துவிடுங்கள். ஆதாரில் மாறியதும் ஆர்.சி.யிலும் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 33.

ஓட்டு வேறு கணக்கு. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு. வீடே இல்லாதவர்களுக்கும் தேர்தல் ஆணையம் வழி வைத்திருக்கிறது. படிவம் 6-ல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு இரவோடு விடாமல் மறுபடியும் வருவார். முகவரிச் சான்று காட்ட வேண்டியதில்லை. இந்த விதியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

படி 5: கேஸ், கழிவு

14.2 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டும். 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். வண்டிக்கு அதுதான் சரி. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதனால் தரையோரம் ஒரு காற்றுத்துளை கட்டாயம்.

கழிவறைப் பெட்டியை செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில் மட்டும் கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் அதை அள்ள ஒரு மனிதர் இறங்க வேண்டிவரும். மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்த பிறகும் நம் ஊரில் அது நிற்கவில்லை.

பின்சேர்க்கை 1: "சொந்த மனையில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செங்கல் மேல் ஏற்றிவைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். நாங்கள் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டதற்கே கட்டட அனுமதி உண்டா என்று கேட்டு ஆள் வந்தார். சக்கரம் தரையில், ஆர்.சி. நடப்பில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: பெண்ணையாற்றங்கரையில் நிறுத்துவது பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. ஐப்பசி பிறந்ததும் நாங்கள் தோப்பைக் காலி செய்துவிட்டு, கேப்பர் மலை மேட்டில் உறவினர் மனைக்குப் போய்விடுகிறோம். தை பிறந்தபின்தான் திரும்புவோம். அந்த மனைக்கும் ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன்.